தன் கட்டிலைக் கொடுத்த மீனவர் மகள்



ஆண்டு இறுதி வந்துவிட்டால் நம் பங்குகளில் கணக்கு வாசிப்பது வழக்கம். வின்சென்ட் தே பவுல் சபையினர் எத்தனை குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தார்கள், எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள், எத்தனை வீடுகளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தார்கள் என்று செயலாளர் வாசிப்பார். நாமும் கைதட்டுவோம். கணக்கு வாசிப்பது நல்லதுதான். ஏழைகளின் பெயரில் பெற்ற ஒவ்வொரு காசுக்கும் கணக்கு சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

இன்று நாம் சிந்திக்கப் போகும் புனிதையின் வாழ்விலும் ஒரு கணக்கு உண்டு. 1839ஆம் ஆண்டு ஒரு மூதாட்டி. 1841இல் 12 பேர். அடுத்த ஆண்டு வாங்கிய வீட்டில் 40 பேர் வரை. 1845இல் 65 பேர். அவர் கண்மூடிய 1879ஆம் ஆண்டில் 177 இல்லங்கள், ஏறத்தாழ 2,400 அருள்சகோதரிகள். வீடற்ற முதியோருக்காகத் திருச்சபையில் எழுந்த மாபெரும் பணிகளுள் ஒன்றின் கணக்கு இது. ஆனால் இந்தக் கணக்கின் முதல் வரி ஒரே ஒரு கட்டில். அந்தக் கட்டிலைக் கொடுத்தவரின் பெயரோ, பின்னாளில் அந்தக் கணக்கிலிருந்தே அழிக்கப்பட்டது. அவர்தான் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபையைத் தோற்றுவித்த புனித ஜீன் ஜூகன்.

கடற்கரைச் சிறுமி

பிரான்சு நாட்டின் வடமேற்கே பிரித்தானி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே கான்கால் என்னும் கடற்கரை ஊரில் 1792ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் ஜீன் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஆறாவது. தந்தை யோசேப்பு ஜூகன் ஒரு மீனவர். ஜீனுக்கு நான்கு வயது நிறைவதற்கு முன்பே கடலுக்குப் போன தந்தை திரும்பி வரவில்லை. கடற்கரைப் பங்குகளில் வாழும் நமக்கு அந்த வீட்டின் நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. போன படகு வராத வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது நாம் அறிந்ததே.

அது பிரெஞ்சுப் புரட்சியின் காலம். கோவில்கள் மூடப்பட்டன. புரட்சி அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்த குருக்கள் மறைந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வீடுகளுக்குள்ளேயே இரகசியமாகக் கற்பிக்கப்பட்டது. தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி ஜீன் ஆடுமாடு மேய்த்தார். கம்பளி நூற்கவும் பின்னவும் கற்றுக்கொண்டார். எழுத்து வாசனை அவருக்குச் சொற்பமே கிடைத்தது.

16 வயதில் அருகிலிருந்த ஒரு பிரபுக் குடும்பத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டு அம்மையார் இரக்கமுள்ளவர். ஏழைகளையும் நோயாளிகளையும் பார்க்கப் போகும்போது ஜீனையும் உடன் அழைத்துச் செல்வார். ஏழைக்கு உதவும்போது அவர் மனம் கூசாமல் எப்படிக் கொடுப்பது என்னும் பாடத்தை அந்தச் சமையற்காரப் பெண் அங்கே கற்றார்.

அழகும் நல்ல குணமும் உள்ள பெண். கடலோடும் இளைஞர் ஒருவர் திருமணம் செய்துகொள்ள விரும்பினார். ஜீன் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோதும் அதே பதில்தான். கடவுள் தம்மைத் தமக்கென்றே வைத்திருக்கிறார், இன்னும் தொடங்கப்படாத ஏதோ ஒரு பணிக்காகக் காத்து வருகிறார் என்று தம் தாயிடம் விளக்கினார். அந்தப் பணி என்ன என்பது அவருக்கே தெரியாது. அதற்காக அவர் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்த ஆண்டுகள்

1817இல், 25ஆம் வயதில், இருந்த நல்ல உடைகளைத் தம் சகோதரிகளுக்குக் கொடுத்துவிட்டு, ஜீன் பக்கத்திலிருந்த செயிந்த்-செர்வான் நகருக்கு வந்தார். துறைமுகம் சார்ந்த நகர் அது. கடலில் கணவரை இழந்த விதவைகளும் வேலையிழந்தவர்களும் பிச்சை எடுத்து வாழ்ந்தார்கள். அங்கிருந்த மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்தார். இரவு பகல் பாராத உழைப்பில் உடல் தளர்ந்தது. அக்காலத்தில் அவர் புனித யூட்ஸ் ஏற்படுத்திய, பொதுநிலையினருக்கான மூன்றாம் சபையில் சேர்ந்தார். இயேசுவின் இதயத்தை, மரியாவின் இதயத்தை உற்றுநோக்கி வாழும் செபமுறை அவருக்கு அங்கே கிடைத்தது.

பின்னர் லெகோக் என்னும் அம்மையார் வீட்டில் 12 ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்தார். இருவரும் நாள்தோறும் திருப்பலிக்குச் சென்றார்கள், சேர்ந்து செபித்தார்கள், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார்கள், ஏழைகளைச் சந்தித்தார்கள். 1835இல் அந்த அம்மையார் இறந்தபோது ஜீனுக்குச் சிறிது பணமும் சில வீட்டுச் சாமான்களும் விட்டுச் சென்றார்.

அதன்பின் பிரான்சுவாஸ் ஓபெர் என்னும் முதிய தோழியுடன் சேர்ந்து, ஒரு வீட்டின் மாடியில் சிறிய பகுதி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அறைகளுக்கு மேலே ஒரு பரண். விரைவில் விர்ஜினி என்னும் 17 வயது அனாதைப் பெண்ணும் வந்து சேர்ந்தார். முதியவர் வீட்டில் நூல் நூற்பார். ஜீன் வெளியே சென்று துணி துவைத்துக் கூலி வாங்கி வருவார். மூன்று பெண்களும் உழைத்து, பகிர்ந்து உண்டு, சேர்ந்து செபித்தார்கள். துறவற மடம் என்று பெயர்ப்பலகை இல்லை. ஆனால் அது ஒரு மடமாகத்தான் இருந்தது.

ஒரு கட்டில்

1839ஆம் ஆண்டின் குளிர்காலம். ஜீனுக்கு அப்போது 47 வயது. அந்நகரில் ஆன் ஷோவென் என்று ஒரு வயதான விதவை இருந்தார். கண் பார்வை இல்லை. அண்மையில் ஒரு பக்கம் வாதத்தால் செயலிழந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த சகோதரியும் நோயுற்று மருத்துவமனைக்குப் போய்விட்டார். கவனிக்க ஆளில்லை. குளிரில் தனியே கிடந்தார்.

ஜீன் அவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாடிக்குச் செல்லும் படிக்கட்டு குறுகலானது. அதில் அந்த மூதாட்டியைத் தூக்கி ஏற்றினார். தம் சொந்தக் கட்டிலில் அவரைக் கிடத்தினார். தமக்குப் படுக்க இடம் பரணில் பார்த்துக்கொண்டார்.

இறைமக்களே, இந்த நிகழ்வைச் சற்று நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அவர் குழு அமைக்கவில்லை. நிதி திரட்டவில்லை. யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. வீட்டில் கூடுதல் கட்டில் இருந்ததா என்று பார்த்து, இல்லை என்பதால் கைவிரிக்கவும் இல்லை. இருந்த கட்டிலைக் கொடுத்தார். ஒருவருக்கு வீடு கிடைக்க வேண்டுமானால், வீட்டில் இருக்கும் இன்னொருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட வேண்டும். இந்த எளிய உண்மையை அந்த இரவில் அவர் செய்து காட்டினார்.

சில நாள்களில் இன்னொரு மூதாட்டி வந்தார். இவர் ஒரு வேலைக்காரி. தம் எசமானர்கள் சொத்தெல்லாம் இழந்து நொடித்துப்போனபோதும் அவர்களை விட்டுப் போகாமல், தம் சேமிப்பை எல்லாம் அவர்களுக்காகச் செலவிட்டு, கடைசியில் அவர்களுக்காகப் பிச்சையும் எடுத்தவர். எசமானர்கள் இறந்தபின் இவருக்கு யாருமில்லை. ஜீன் அவருக்கும் இடம் கொடுத்தார். வேலைக்காரியின் முதுமை எப்படிப்பட்டது என்பது வேலைக்காரிக்குத்தானே தெரியும்!

12 பேர், 40 பேர், 65 பேர்

மரி ஜமே என்னும் இளம்பெண் இவர்களுடன் நட்புக் கொண்டார். விர்ஜினிக்கும் அவருக்கும் ஆன்ம வழிகாட்டியாக இருந்தவர், அந்தப் பங்கின் உதவிப் பங்குத்தந்தை லெ பாயர். அவர் ஆர்வமுள்ள இளம் குரு. 1840ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஆவிலா நகர் புனித தெரேசாவின் திருநாளில், இந்தப் பெண்கள் ஒரு சிறு அன்புக் குழுவாக இணைந்தார்கள்.

1841இல் பழைய மதுக்கடை ஒன்றின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, 12 மூதாட்டிகளை அங்கே குடியேற்றினார்கள். 1842இல் கைவிடப்பட்ட பழைய கன்னியர் மடம் ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். அந்த வீட்டின் பெயர் 'சிலுவை இல்லம்'. அதை வாங்குவதற்காக அருள்தந்தை லெ பாயர் தம் தங்கக் கடிகாரத்தை விற்றுக் கொடுத்தார் என்று அச்சபையின் வரலாறு கூறுகிறது. அவர் செய்த நன்மையையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இத்தனை பேருக்கும் உணவு எங்கிருந்து வரும்? சகோதரிகளின் கூலி போதவில்லை. நடமாட முடிந்த மூதாட்டிகள் நூல் நூற்றுத் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். அதுவும் போதவில்லை. அவர்களில் பலர் முன்பு வீடு வீடாகப் பிச்சை எடுத்து வாழ்ந்தவர்கள். மீண்டும் போக ஆயத்தமாக இருந்தார்கள். ஜீன் அதை விரும்பவில்லை. தள்ளாத வயதில் தெருவில் அலைவது, கிடைத்த காசில் சிலர் குடிப்பழக்கத்துக்குத் திரும்புவது, அவமானம் — இவற்றிலிருந்து அவர்களை மீட்கத்தானே வீடு?

அவர் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு மூதாட்டியிடமும், வழக்கமாக உதவிய வீடுகள் எவை என்று கேட்டறிந்தார். பிறகு கையில் கூடையை எடுத்துக்கொண்டு தாமே அந்த வீடுகளுக்குப் போனார். இன்னாருக்கு நீங்கள் கொடுத்து வந்ததை இனி என்னிடம் கொடுங்கள், அவர் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டார். அதாவது, பிச்சைக்காரியின் இடத்தில் தாம் போய் நின்றார். கட்டிலைக் கொடுத்தவர் இப்போது தம் மானத்தையும் கொடுத்தார்.

அது அவருக்கு எளிதாக வரவில்லை. உழைத்து உண்டு பழகிய பிரித்தானி நாட்டுப் பெண்ணுக்குக் கையேந்துவது பெரும் கூச்சம். ஒவ்வொரு முறையும் தம்மை வென்றுதான் அவர் வாசற்படி ஏறினார். செல்வந்தர் ஒருவர் எரிச்சலில் அவரை அறைந்ததாகவும், அந்த அறை எனக்கு, இப்போது என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று அவர் அமைதியாகக் கேட்டதாகவும் சொல்லப்படுகிறது. இன்னொருவர் முதல் நாள் கொடுத்துவிட்டு, மறுநாளும் இவரைக் கண்டதும் கோபித்தாராம். நேற்றும் என் ஏழைகளுக்குப் பசித்தது, இன்றும் பசிக்கிறது, நாளையும் பசிக்கும் என்று ஜீன் புன்னகையோடு விளக்க, அந்த மனிதர் தொடர்ந்து உதவுபவராக மாறிவிட்டாராம். ஆண்டுக்கொரு முறை கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மட்டும் ஏழைகளை நினைக்கும் நமக்கு இது ஒரு நல்ல பாடம். பசிக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது.

ஊர் மக்கள் அவர் பணியை நேரில் கண்டார்கள். நகரின் முக்கியமானவர்கள் பாரிசு நகரில் உள்ள பிரெஞ்சு அகாதெமிக்கு அவரைப் பற்றி எழுதினார்கள். 1845ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், ஏழை ஒருவர் செய்த சிறந்த அறச்செயலுக்கான மோந்தியோன் விருதும் 3,000 பிராங்க் பணமும் ஜீனுக்கு அறிவிக்கப்பட்டன. நாடெங்கும் அவர் பெயர் பரவியது. அப்போது அவர் பராமரிப்பில் இருந்தவர்கள் 65 முதியவர்கள்.

1846இல் ரென், தினான் ஆகிய நகரங்களிலும், பின்னர் தூர், பாரிசு, ஆன்ஜெர் எனப் பல நகரங்களிலும் இல்லங்கள் எழுந்தன. புது இல்லம் தொடங்கவும், கடனில் தவிக்கும் இல்லத்தைத் தூக்கி நிறுத்தவும் ஜீனைத்தான் அனுப்புவார்கள். ஆன்ஜெர் இல்லத்தில் ஒருமுறை முதியவர்களின் ரொட்டிக்கு வெண்ணெய் இல்லை. ஜீன் காலி வெண்ணெய்ப் பாத்திரங்களைப் புனித யோசேப்பின் சுருபத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார் என்றும், வெண்ணெய் வந்து சேர்ந்தது என்றும் அச்சபையினர் இன்றும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அதே நகரில் இல்லத்தின் விழாவுக்காகப் படைத் தளபதியிடம் சில இசைக் கலைஞர்களைக் கேட்டாராம். தளபதி முழு இசைக்குழுவையே அனுப்பி வைத்தாராம். ஏழை முதியவருக்குக் கஞ்சி ஊற்றினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அவர்களுக்கு விழாவும் வேண்டும், பாட்டும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். அது அவர்களுடைய வீடல்லவா?

அழிக்கப்பட்ட பெயர்

இனி வருவதை ஒரு குருவாக நான் எழுதும்போது மனம் கூசுகிறது. ஆனாலும் உண்மையை மறைத்துப் புனிதர் வரலாறு எழுதக் கூடாது.

1843ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சகோதரிகள் ஜீனையே மீண்டும் தங்கள் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே வாரத்தில், டிசம்பர் 23ஆம் நாள், அருள்தந்தை லெ பாயர் அந்தத் தேர்தலைத் தம் சொந்த அதிகாரத்தால் ரத்து செய்தார். 23 வயதான மரி ஜமேயைத் தலைவியாக நியமித்தார். ஜீனுக்கு வயது 51. வீடு அவருடையது, தொடக்கம் அவருடையது, நகரம் அறிந்த முகம் அவருடையது. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதியவர்களுக்காகத் தெருவில் இறங்கினார். மேலே நாம் பார்த்த விருதும், ரென், ஆன்ஜெர் நகரப் பணிகளும் எல்லாம் இந்த அநீதிக்குப் பின் நடந்தவையே என்பதைக் கவனியுங்கள்.

1852இல் ரென் மறைமாவட்ட ஆயர் சபைக்கு அங்கீகாரம் அளித்தார். அதே ஆண்டில் ஜீனைத் தாய் இல்லத்துக்கு வரவழைத்தார்கள். இனி நன்கொடையாளர்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கட்டளையிட்டார்கள். 1856இல் தாய் இல்லம் செயிந்த்-பெர்ன் என்னும் கிராமத்துக்கு மாறியது. ஜீனும் அங்கே சென்றார். அவர் துறவறப் பெயர் சிலுவையின் மரியா. அந்தப் பெயரில் அவர் நவதுறவியர் நடுவே ஒரு சாதாரண முதிய சகோதரியாக வாழ்ந்தார், கைவேலையைக் கண்காணித்தார், செபித்தார். லெ பாயர் தம்மையே சபையின் நிறுவனராக முன்னிறுத்தினார். அவர் பரப்பிய வரலாற்றின்படி ஜீன் மூன்றாவதாகச் சேர்ந்த சகோதரி மட்டுமே. இளம் சகோதரிகளில் பலருக்குத் தங்களோடு உணவறையில் அமர்ந்திருக்கும் இந்தக் கிழவி யார் என்றே தெரியாது.

இப்படி ஒன்றிரண்டு ஆண்டுகள் அல்ல, 27 ஆண்டுகள்.

வீடற்ற முதியவர்களுக்கு வீடு தேடித் தந்தவர், தாம் கட்டிய வீட்டிலேயே முகவரி இல்லாதவராக வாழ்ந்தார். அவர் என்ன உணர்ந்திருப்பார்? கல்லால் ஆனவர் அல்லவே. தம் பணியைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதை லெ பாயரிடமே அவர் வெளிப்படையாகச் சொன்னதாகவும், ஆனாலும் மனமாரக் கொடுத்துவிடுவதாக உடனே சேர்த்துச் சொன்னதாகவும் சபையின் நினைவுகள் கூறுகின்றன. இழந்ததை இழப்பு என்று அறிந்தார்; அறிந்தே கொடுத்தார். 1839இன் குளிர் இரவில் கட்டிலைக் கொடுத்த அதே கைதான் இதையும் கொடுத்தது.

அந்த மறைந்த வாழ்விலும் ஒருமுறை அவர் குரல் தேவைப்பட்டது. 1865இல், நிலையான ஆண்டு வருமானம் தரும் ஒரு பெரும் கொடையைச் சபை ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. எழுதப் படிக்க அதிகம் தெரியாத அந்த முதிய சகோதரியைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். வேண்டாம், அன்றாடம் கிடைப்பதைக் கொண்டே இறைபராமரிப்பை நம்பி வாழ்வோம் என்பது அவர் கருத்து. அதுவே சபையின் முடிவாயிற்று. அந்த ஆவணத்தில் அவர் கையொப்பமும் இருக்கிறது. இன்றுவரை அச்சபையினர் நிலையான வருமானம் தரும் முதலீடுகளை ஏற்காமல், கேட்டு வாங்கியே முதியோரைப் பேணி வருகிறார்கள்.

1879ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திருத்தந்தை 13ஆம் லியோ சபையின் ஒழுங்குகளுக்கு ஒப்புதல் அளித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் ஜீன் தமது 86ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போதும் உலகம் அவரை நிறுவனர் என்று அறியவில்லை.

ஆனால் உண்மைக்கும் ஒரு நாள் உண்டு. திருப்பீடம் நடத்திய விசாரணைக்குப் பின் 1890இல் லெ பாயர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு உரோமைக்கு அழைக்கப்பட்டார். மெல்ல மெல்லச் சகோதரிகள் தங்கள் தாய் யார் என்பதை அறிந்தார்கள். 1982ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். 2009ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், தொழுநோயாளர்களின் நண்பரான தந்தை தமியானோடு சேர்த்து, திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஆகஸ்ட் 30ஆம் நாள் அவர் திருநாள்.

நமக்கு அருகில்

ஜீன் இறந்து மூன்றே ஆண்டுகளில், 1882இல், அவருடைய சகோதரிகள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். 1888இல் கொழும்பிலும், 1900இல் பெங்களூரிலும் இல்லம் தொடங்கினார்கள். சென்னை சேத்துப்பட்டிலும் அவர்கள் இல்லம் உண்டு. சாதி, மதம் பார்ப்பதில்லை. முதியவராகவும் ஏழையாகவும் இருந்தால் போதும். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, விருந்தோம்பல் என்னும் நான்காவது வார்த்தைப்பாட்டையும் அச்சகோதரிகள் எடுக்கிறார்கள். விருந்தோம்பலைப் பெரிய அறமாகப் போற்றும் நம் மண்ணுக்கு இந்த நான்காவது வார்த்தைப்பாடு எவ்வளவு பொருத்தம்!

இந்த இல்லங்களில் முதியவரைப் பெயர் சொல்லி அறிவார்கள். அவர் எந்த ஊர், என்ன வேலை செய்தார், எந்தப் பாட்டு பிடிக்கும், டீயில் சர்க்கரை எவ்வளவு என்பது வரை தெரிந்து வைத்திருப்பார்கள். இறக்கும் நேரத்தில் யாரையும் தனியே விடமாட்டார்கள்; கட்டிலருகே இரவும் பகலும் யாராவது அமர்ந்து செபிப்பார்கள். தலைக்கு மேல் கூரை என்பது வீட்டின் பாதிதான். தம்மை எதிர்பார்த்திருக்க ஓர் ஆள் இருப்பது மீதிப் பாதி.

ஜீனின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முதியவர் நினைவுக்கு வருகிறார். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், கோவிலின் முன்மண்டபத்தில் இரவில் அவர் வந்து படுப்பார். விடியற்காலைத் திருப்பலிக்கு வருவோர் சிலர், மண்டபம் அசுத்தமாகிறது என்று முறையிட்டார்கள். நானும் யோசிக்காமல், கம்பிக் கதவு ஒன்று செய்து இரவில் பூட்டச் சொன்னேன். அதன்பின் இரண்டு நாள் கதவுக்கு வெளியே படிக்கட்டில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் காணவில்லை. எங்கே போனார் என்று தெரியாது. தேடலாம் என்றால் அவர் பெயர் தெரியாது. ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அந்த ஆண்டுப் பங்கு அறிக்கையில் கம்பிக் கதவுக்கான செலவு சரியாக எழுதப்பட்டிருந்தது. அந்த மனிதர் எந்தப் பக்கத்திலும் இல்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. கணக்கில் ஒரு பைசா குறையவில்லை.

பிறக்கும்போது விடுதியில் இடமில்லாமல், பணிவாழ்வில் தலை சாய்க்கவும் இடமில்லாமல், இறந்தபின் இன்னொருவருடைய கல்லறையில் வைக்கப்பட்டவர் நம் ஆண்டவர். கடைசி நாளில் அவர் நம்மிடம் வாசிக்கப் போகும் அறிக்கை வேறு. அந்நியனாய் வந்தபோது என்னை ஏற்றுக்கொண்டாயா என்பதே அதில் கேள்வி.

ஆகவே அன்பானவர்களே, உங்களைப் பெரிய காரியம் எதற்கும் நான் அழைக்கவில்லை. இந்த ஆண்டு நம் அன்பியங்களில் ஒரு சிறு வேலை செய்வோம். நம் தெருவில் தனியே வாழும் முதியவர்கள் யார், அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, வாடகை கொடுக்க முடிகிறதா, இரவில் விழுந்துவிட்டால் கூப்பிட ஆள் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்போம். நம் சொந்த வீட்டில் வாசல் திண்ணைக்கோ மாட்டுக்கொட்டகைப் பக்கத்துக்கோ தள்ளப்பட்ட அப்பா, அம்மா, பாட்டி இருந்தால், முதலில் அவர்கள் கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவருவோம். பெயரைக் கேட்டு எழுதுவோம். அடுத்த ஆண்டு அறிக்கையில் தொகைக்குப் பக்கத்தில் முகங்களும் இருக்கட்டும். ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். ஜீனின் முதல் ஆண்டுக் கணக்கும் ஓரிரு பெயர்கள்தான்.

செபிப்போம்

இரக்கமுள்ள தந்தையே, உம் அடியாள் புனித ஜீன் ஜூகன் ஏழை மூதாட்டியில் உம் திருமகனைக் கண்டு, தம் கட்டிலையும் பெயரையும் மகிழ்வோடு கொடுத்தார். வீடின்றித் தவிக்கும் முதியவர்களுக்காக உம்மை மன்றாடுகிறோம். நாங்கள் பூட்டிய கதவுகளுக்காக எங்களை மன்னியும். இன்றிரவு எங்கள் ஊரில் படுக்க இடமில்லாதவரை நாளை நாங்கள் பெயர் சொல்லி அழைக்கும் அருளைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.